கிடங்குக்கு நான் போகவில்லை

வெள்ளிக்கிழமை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

உன் சேர்க்கை நேர்காணல் வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. வரலாற்றுத் துறை அலுவலகத்தில் இன்று காலை தொலைபேசியில் உறுதிசெய்தார்கள். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் நான்தான் கூப்பிட்டேன், கோபிக்காதே. மூன்று பேர் இருப்பார்களாம். நீ அனுப்பிய கட்டுரையிலிருந்துதான் கேள்வி தொடங்குமாம்.

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேள்வி கேட்கவைத்து ஸ்பீக்கர் போனில் ஒத்திகை பார்த்தாயே, நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். "கூரை சரிஞ்சதைப் பத்தி எழுதியிருக்கியே, என்னடி ஆதாரம்?" என்று கறாராகக் கேட்டாள். "அப்பா நேர்ல நின்னு பார்த்து எழுதினதும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சிரித்தாய். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நான் நேரில் நிற்கவில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், அன்று நல்ல மழை. கூரை சரிந்த பஞ்சுக் கிடங்கு பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். போயிருந்தால், ஏறவில்லை என்று தெரிந்திருக்கும். ஆறு மணிக்குள் பத்திரிகையின் பக்கத்தை முடிக்க வேண்டும். அலுவலக மேஜையிலிருந்தே கிடங்கின் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். எச்சரிக்கை மணி அடித்தும் தொழிலாளர்கள் வெளியே வரவில்லை என்றார். அதை அப்படியே எழுதி, மேலே "சம்பவ இடத்திலிருந்து நமது நிருபர்" என்று போட்டேன். செத்தவர்கள் நாலு பேர். பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பாராட்டுக் கடிதம் அந்தச் செய்திக்கு வந்ததுதான்.

எச்சரிக்கையை மனிதர்கள் ஏன் பொருட்படுத்துவதில்லை என்ற உன் கட்டுரை, அந்தச் செய்தியின் மேல் நிற்கிறது. மூன்று மாதம் முன்பு வரைவை முதலில் எனக்குத்தான் அனுப்பினாய். ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். இதைத் திருத்தவில்லை.

செவ்வாயன்று கிளம்பி அந்த ஊருக்குப் போனேன். அப்போது கிடங்கில் எடை போட்ட அம்மாளைக் கண்டுபிடித்தேன். அன்று அடிபட்ட இடது கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. "மணியா? அது ரெண்டு மாசமா நாக்கில்லாம தொங்கிச்சு சார். எதை வச்சு அடிக்கிறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பவே வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீ கொடுத்தார்.

இது ஒருவர் சொல் மட்டுமே. இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் போகவில்லை என்பதற்கு மட்டும் வேறு சாட்சி தேவையில்லை. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு போன் நம்பர், மூன்று வரி. அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். "பரவால்லப்பா" என்று நீ முடித்துவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். இதனால் உனக்கு இடம் கிடைக்காமலும் போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அப்போதே சொல்லியிருந்தால், வேறு கட்டுரை எழுத உனக்கு நேரம் இருந்திருக்கும்.

பத்திரிகை ஆசிரியரிடம் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இத்தனை வருஷம் கழிச்சு யாருய்யா இதைக் கேட்டா?" என்றார். போடுவாரா என்று புதன்கிழமை தெரியும். இதை அனுப்பிவிட்டு வந்ததும் அம்மாவிடம் சொல்வேன். கடிதம் செவ்வாய்க்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார் கூரியர்காரர். அதன் பிறகு மிச்சம் இருப்பது வியாழன் பத்தரை. ஆதாரம் என்ன என்று அவர்கள் கேட்டால், என்னைக் காப்பாற்ற வேண்டாம், கண்ணு. அந்த நகலை எடுத்து மேஜைமேல் வை. வெறும் வயிற்றோடு போகாதே.

உன் நல்லதையே நினைக்கும்,
அப்பா