மூச்சு வாங்கினது காருக்கு

நியூஜெர்சி, ஜனவரி 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? மூட்டுவலி தேவலையா? அப்பாவைக் கேட்டதாச் சொல்லு. நான் காலேஜை விட்டதைப் பத்தி மட்டும் அவர் எழுத வேண்டாம்.

தங்கச்சி குழலி லெட்டர் வந்துச்சு. எனக்காக இலஞ்சி முருகனுக்கு மொட்டை நேந்திருக்கியாமே. எதிர்வீட்டு ராமசேஷன் சார்கிட்ட போன்ல, "ஆக்சிஜன் சென்சார் போச்சு, மூச்சு வாங்குது"ன்னேன். அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. மூச்சு வாங்கினது என் காருக்கும்மா, எனக்கில்ல.

சென்சார்னா புகைக்குழாயில இருக்குத சின்ன சாமான். புகையை மோந்து பாத்து பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அது கெட்டா இங்கன புகை டெஸ்ட்ல வண்டி பாசாகாது. வண்டியில்லாம நான் வீடுவீடா பேப்பர் போட முடியாது. நானே பனியில வண்டிக்கு அடியில படுத்து மாத்தினேன். பழசு துருப்பிடிச்சு அசையவே இல்ல. "ஏலே, வாரியா மாட்டியா"ன்னு அதைத் திட்டினேன். தமிழ்ல பேச வேற யாரு இருக்கா? இன்ஜினை ஓடவிட்டு, குழாய் சூடானதும் கழண்டுட்டு. டெஸ்ட்லயும் பாஸ்.

கை லேசா சுட்டுட்டு. சுட்ட புண்ணுக்குப் போடுத எண்ணெய் ஐந்தருவிக் கடையில கிடைச்சா அனுப்பு.

முடியை எடுத்திராத. எடுத்திருந்தா ஒரு போட்டோ அனுப்பு. எடுக்கலேன்னாலும் அனுப்பு.

பேப்பர் வந்துட்டு, கிளம்புதேன்.

உன் மகன்
சந்தானம்