இலையை மடித்தால் நிறுத்து

என் தைரியமான அப்பாவுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் வேலை கிடைத்துவிட்டது. சினிமாவுக்குப் போனால்கூடப் பயந்துபோய் முடிவைக் கேட்டுக்கொண்டுதானே உட்காருவீர்கள்?

நீங்கள் போன பிறகு பொன்னமராவதியிலிருந்து ஒரு வரன் வந்தது. கடை வைத்திருக்கும் குடும்பம். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். சித்தப்பா எனக்குத் தை மாதம் வரை கெடு வைத்தார். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நான் கழுத்தை நீட்ட வேண்டும். வீறாப்பாகச் சரியென்றேன்.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றொரு மிஷின் வாங்கியிருக்கிறார்கள். அது கணக்குப் போட வேண்டுமானால் ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதப் புதிதாக ஆள் எடுக்கிறார்கள். கணிதத்தில் பட்டம் போதும். சித்தப்பா படித்துவிட்டுச் சிரித்தார். "ஏத்தா, மிஷினுக்கு வேலை சொல்லப் போறவ, மாப்பிள்ளைக்குச் சொல்ல மாட்டியா?"

இன்டர்வியூவில் மூன்று பேர். இருவர் கேட்ட கணக்குகளைச் சட்டென்று போட்டுவிட்டேன். மூன்றாமவர் கண்ணாடிக்காரர், தமிழிலேயே பேசினார். "சொன்னதை மட்டும் செய்யிற, சொந்தப் புத்தி இல்லாத ஒரு ஆளு. உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு வேலையை அவனுக்குப் படிப்படியா எழுதிக் குடுங்க" என்றார்.

ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரித்தவரின் மகள் வேறு எதை எழுதுவாள்? இலை போடுவதிலிருந்து பாயசம் வரை எழுதினேன். 'போதும் என்றாலும் விடாதே, இன்னொரு கரண்டி வை' என்று பெருமையாக ஒரு வரி.

கண்ணாடிக்காரர் அந்த வரியில் விரலை வைத்தார். "இந்த ஆளு எப்போ நிறுத்துவான்? சாப்பிடுறவர் கதி என்னாகிறது?" மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நம் பக்கத்தில் முதல் 'போதும்' சொன்னதும் யார் நிறுத்துகிறார்கள்? அப்படியானால் நீங்கள் எதைப் பார்த்து அடுத்த இலைக்கு நகர்வீர்கள்? யோசித்தேன். நீங்கள் யார் வாயையும் பார்த்ததில்லை, இலையைத்தான் பார்ப்பீர்கள்.

'இலையை மடித்தால் நிறுத்து' என்று கீழே சேர்த்தேன்.

"அதுக்குள்ள சோறு தீந்துட்டா?"

"அடுப்படிக்குப் போய்ச் சொல்லணும் சார். அதையும் எழுதிடுறேன்."

"எந்த ஊரும்மா?"

"அரிமளம்ங்க."

அவர் சிரிக்கவில்லை. தன் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வரும்போதே எனக்குத் தெரியும், வேலை எனக்குத்தான்.

ஆர்டர் வந்த அன்றே சித்தப்பா பஸ் ஏறிப்போய் வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். "எங்கண்ணன் இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பாரு" என்று அழுதார். நானும் அழுதேன். ஆறு மாதம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா அப்பா? உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

வேலையில் சேரும் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம். "எம்பேரைப் போடுத்தா" என்றார் சித்தப்பா. நான் என் பெயரை எழுதினேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்றாள் அம்மா. மெட்ராஸுக்கு அவளும் என்னோடுதான் வருகிறாள்.

அது உங்கள் இடம் அப்பா. குறை வராமல் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் ஒரே மகள்,
மீனாட்சி