சாப் கேட்ட கல்

4 ஆகஸ்ட் 1974, ஞாயிறு
இன்றும் ஆராதனை பாதியில் நின்றது. ரப்பர் ஷீட் அடுக்க வேண்டுமாம், கொட்டகையை விட்டு எழுப்பிவிட்டார்கள். ஜெபிக்க எங்களுக்கென்று ஓர் இடம் வேண்டாமா? இலங்கையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தது ரப்பர் பால் வெட்ட மட்டும்தானா? தோட்டத்துப் பெரிய துரை, அந்த இந்திக்கார சாப்பையே போய்ப் பார்க்கிறேன்.

5 ஆகஸ்ட்
பார்த்தேன். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கைகூப்பிக் காட்டினேன், விரல்களைக் கூரை மாதிரி சேர்த்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். "கல்! கல்!" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார். எவ்வளவு நல்ல மனுஷன், தமிழிலேயே சொல்கிறார்! அஸ்திவாரத்துக்குக் கல் கொண்டுவர வேண்டும்.

9 ஆகஸ்ட்
பால் வெட்டு முடிந்ததும் நானும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவும் கடற்கரையிலிருந்து கல் சுமந்து, ஆபீசுக்கு எதிரே குவிக்கிறோம். போய்க் கேட்டால் சாப் மறுபடியும் "கல்" என்கிறார். போதாதாம்!
ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் போட்டால் என் மனசு அடுப்பங்கரைக்கு ஓடும். தலையில் கல் இருந்தால் ஓடுவதில்லை. கர்த்தரைத் தவிர வேறு நினைப்பே வருவதில்லை.
"கழுத்து முறிஞ்சா கர்த்தர் வைத்தியம் பாப்பாரா?" என்கிறார் என் வீட்டுக்காரர். ஒருநாளும் ஜெபத்துக்கு வராத மனுஷனுக்கு வாய் மட்டும் நீளம்.

17 ஆகஸ்ட்
கழுத்து வலி. இன்னும் "கல்"தான்.

20 ஆகஸ்ட்
சோப்பு வாங்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்கார உதுமான் அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அட தங்கச்சி, இந்தியில கல்லுன்னா நாளைக்கு! நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்பியிருக்காரு."
ஐயோ, மானம் போச்சு! எனக்குன்னு எங்கேருந்துதான் வருது இந்தப் புத்தி? பொன்னம்மா சும்மாட்டை வீசிவிட்டு, "இனி நான் வரலக்கா" என்று போய்விட்டாள். அழுதேன்.

21 ஆகஸ்ட்
நாளைக்கு வா என்றால் வராதே என்று அர்த்தமில்லையே! "வந்தாச்சு" என்பதற்கு இந்தியில் என்ன என்று கேட்டுக்கொண்டு, உதுமான் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். சன்னல் வழியாகக் குவியலைக் காட்டினேன்.
"சாப், கல் ஆ கயா."
நாளைக்கும் வந்தாச்சு, கல்லும் வந்தாச்சு. உதுமான் அண்ணன் விளக்கியதும் சாப் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். குவியல் கிடக்கும் இடத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!

1 செப்டம்பர், ஞாயிறு
முதல் ஆராதனை. அரைச்சுவர்தான், கூரை இல்லை. பொன்னம்மாவும் வந்தாள். ஜெபத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன். கடைசி வரிசையில், சுவரோரமாக, சொட்டச் சொட்ட நனைந்தபடி முழங்கால் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.