அம்மா படித்து முடிக்கும் வரை

அக்கா,

இன்று காலை உன் கணிப்பொறியைத் துடைத்தபோது, கீபோர்டுக்கு அடியிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகள் உருண்டு விழுந்தன. புதிதாகச் சேர்ந்த பெண் குப்பையென்று எடுக்கப் போனாள். தொடாதே என்று கத்திவிட்டேன். ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்துக்காக நீ அவற்றைக் காதில் அடைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் இந்தக் கடைக்கு அந்த ஜப்பான் கார்ட்டூன் படத்தோடு என்ன சம்பந்தம்? உன் அம்மாதான். அடுத்தவர் கனவுக்குள் போய்வர ஒரு கருவி இருக்கிறது என்ற கதை. வாடகைக்கு எடுத்த டிஸ்க்கை உன் பீர்க்கன்கரணை வீட்டில் போட்டோம். காய்ச்சலில் காது போன பிறகும் தமிழ்ப் படங்களை உதட்டசைவை வைத்தே புரிந்துகொள்கிறவர் உன் அம்மா. இதில் திணறிப்போனார்.

"இதுங்க வாய் சும்மா தொறந்து தொறந்து மூடுது. இன்னா பேசுதுங்கன்னு யாராச்சும் சொல்லுங்கடி."

கீழே ஓடிய ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் வாரப் பத்திரிகையென்றால் ஒரு வரி விடமாட்டார். அன்றே நீ முடிவு கட்டிவிட்டாய், படம் முழுக்கத் தமிழில் எழுத்து போடுவதென்று.

நாலு மாதம், சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. நான் ஆங்கிலத்தைத் தமிழாக்குவேன், நீ அடிப்பாய். அம்மாவுக்குப் போட்டுக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை நமக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல! பத்தே நிமிடத்தில் அம்மா கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது இன்னா, யார் வூட்டுக் கல்யாணம்? படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடிப்பூடுது. நான் படிக்கறதா, படம் பாக்கறதா?"

அப்போதுதான் உறைத்தது. பழக்கதோஷம். கனவில் துரத்தப்படுகிறவன்கூட 'தாங்கள் விரைந்து வருகை தந்து என்னைக் காத்தருள வேண்டுகிறேன்' என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். அட்டையின் ஓரம் வரை சொற்களை நிரப்பித்தானே நமக்குப் பழக்கம்! எனக்கு அழுகை வந்தது. நீ சிரித்தாய். மறுநாள் பஞ்சோடு வந்தாய்.

"அம்மா எப்படிப் பாக்கறாங்களோ அப்படித்தான் நாமளும் பாக்கணும். முதல்லேர்ந்து வெட்டலாம்."

சத்தத்தை அடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தாய். அது மறைவதற்குள் படித்து, அந்த முகத்தையும் பார்க்க முடிந்தால்தான் வைப்பாய். அந்தக் கும்பிடு 'சீக்கிரம் வா' என்றானது. நான் அழகாக எழுதிய வரிகளை நீ வெட்டும்போது உன்மேல் எரிச்சலாக வந்தது. அதைச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது வருந்துகிறேன்.

படத்தில் கடைசி இருபது நிமிடம் பாக்கி இருந்தபோது, ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு வருடம் அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. போன பொங்கலுக்கு உன் வீட்டுக்குப் போனேன். அம்மா அழவில்லை. மீதிப் படம் எங்கே என்று கேட்டார். உன் கை வேகமும் கண்ணும் எனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். எழுதிய வரியை அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் சொல்வேன். அவர் திருப்பிச் சொன்னால் அந்த வரி தேறியது. நெற்றியைச் சுருக்கினால் வெட்டு. ஒரே வரியைப் பதினோரு முறை மாற்றிய நாளும் உண்டு. விடவில்லை, அக்கா.

நேற்று முழுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். எங்கேயும் நிறுத்தச் சொல்லாமல் பார்த்தார். முடிந்ததும் ரிமோட்டை வாங்கி, பின்னால் ஓட்டி, சரியாக ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது வரிக்கும் எம்பொண்ணு. இதுக்கப்புறம் நீ."

நீ விட்ட இடம்தான் அது. ஒரு வரி பிசகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும், அடுத்த படம் எப்போது என்று கேட்டார்.

எடுத்து வைத்திருக்கிறேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டேன். முதல் வரி நீளமாக இருக்கிறது. வெட்டிக்கொண்டிருக்கிறேன்.