ஜேக்கப்பின் நாலரை நட்சத்திரம்

ஜீயபுரம்
3.9.2025

அன்புத் தங்கை வேணிக்கு, அண்ணன் சின்னையன் எழுதுவது.

இங்கே நான், அண்ணி, சுபஸ்ரீ மூவரும் நலம். ஸ்ரீரங்கத்தில் நீ தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்தால்தான் அண்ணிக்கு ஆறவில்லை. "ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போகக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் பேசினால் அண்ணி காதில் விழும். வாழைத்தார் வெட்டிய பணம் பேங்கில் சும்மா கிடக்கிறது. சுபஸ்ரீயை அடுத்த வருஷம் காலேஜில் சேர்க்க அது போதாது. டாலர், பிட்காயின் எல்லாம் ஆன்லைனில் வாங்கி விற்க ஒரு புரோக்கர் கம்பெனி இருக்கிறது. அதைப் பற்றி ஜேக்கப் என்பவர் தமிழில் எழுதிய மதிப்புரையை பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். தானே பணம் போட்டு, தானே எடுத்தும் பார்த்தாராம். குறையையும் அவர் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார்களாம். அதைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நீ மன்னார்புரத்தில் கம்ப்யூட்டர் ஆபீசில் இருப்பவள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுது.

உன் அண்ணன்,
சின்னையன்

*

ஸ்ரீரங்கம்
7.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு, வேணியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பிரிண்டையும் பார்த்தேன். அந்தக் கம்பெனி வேண்டாம் அண்ணா. ஏதோ ஒரு தீவில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். பணம் போனால் யார் வாசலில் போய் நிற்பது? இன்டர்நெட்டில் எழுதுகிறவர்கள் எல்லாம் செய்து பார்த்து எழுதுவதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும்.

பணம் பேங்கிலேயே இருக்கட்டும். சுபஸ்ரீ பீஸுக்கு நானும் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறும் வர முடியாது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். ஆபீசில் வேலை குவிந்து கிடக்கிறது.

அன்புடன்,
வேணி

*

ஜீயபுரம்
25.9.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தையும் அந்த மதிப்புரையையும் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீ பயத்தைத்தான் எழுதியிருக்கிறாய். அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். பணத்தைப் போட்டுவிட்டேன்.

பதறாதே. முதல் வாரமே கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். மறுநாளே பேங்கில் வந்துவிட்டது. இப்போது என் கணக்கில் இரண்டு மடங்கு காட்டுகிறது. முழுதையும் எடுக்க வேண்டுமென்றால் முதலில் வரி கட்ட வேண்டுமாம். ஜேக்கப் சார்தான் சொன்னார். ஆமாம், அவரேதான். மதிப்புரைக்குக் கீழே பெயரும் போன் நம்பரும் கேட்டிருந்தார்கள், கொடுத்திருந்தேன். தினமும் காலையில் கூப்பிடுகிறார். "சாப்டாச்சாங்க? இன்னிக்குத் தண்ணி பாய்ச்சினீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். உன் சந்தேகத்தைச் சொன்னேன். "தங்கச்சி நம்பரைக் கொடுங்க, நான் பேசறேங்க" என்றார். கொடுத்திருக்கிறேன்.

வரி கட்ட, அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணியின் நகையை அடகு வைக்கப் போகிறேன். பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாக அவளிடம் சொல்லிக்கொள்வேன். நீ வாய் திறக்காதே.

அண்ணன்,
சின்னையன்

*

ஸ்ரீரங்கம்
30.9.2025

அண்ணா,

ஜேக்கப் என்று ஓர் ஆளே இல்லை. அந்த மதிப்புரையை எழுதியது நான்.

மன்னார்புரம் ஆபீசில் எனக்கு அதுதான் வேலை. புரோக்கர் கம்பெனிகளைப் பற்றி ஒரு நாளைக்கு நான்கு மதிப்புரை எழுத வேண்டும். ஒரு கம்பெனியிலும் நான் கணக்குத் திறந்ததில்லை. எத்தனை நட்சத்திரம் என்பது முன்பே மெயிலில் வந்துவிடும். சின்னதாக ஒரு குறை சேர்த்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார்கள் என்பதை டீ குடித்துக்கொண்டே சேர்த்தேன். ஜேக்கப் என்ற பெயரும் நான் வைத்ததுதான். முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதைவிடப் பயந்தேன்.

நேற்று மத்தியானம் எனக்கு போன் வந்தது. "ஜேக்கப் பேசறேங்க" என்றார். கனிவான குரல். நான் எழுதிய வரிகளை ஓர் எழுத்து மாறாமல் எனக்கே சொன்னார். "அதை எழுதினது நான். நீங்க யாரு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க எழுதினீங்க, நான் பேசறேன். அவ்வளவுதானேம்மா? தனியா இருக்கீங்க, பஸ்ல போய்ட்டு வர்றீங்க. ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

நான் தனியாக இருப்பதை நீங்கள் சொன்னீர்களா அண்ணா?

வேலையை விட்டுவிட்டேன். சைபர் கிரைம் போலீசில் என் பெயரையும் சேர்த்துப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து அண்ணி கையில் கொடுப்பேன். அவர் படித்த பிறகு நீங்கள் படியுங்கள். நகை வீட்டை விட்டுப் போகக் கூடாது.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

வேணி

*

ஜீயபுரம்
12.11.2025

வேணிக்கு,

அண்ணி நகையைத் தரவில்லை. அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதும் இல்லை. வாழைப் பணம் வராது என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். உன் புகாரை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் ஒரு பெரியவரும் அதே மதிப்புரையைப் படித்துத்தான் பணம் போட்டாராம். "எழுதினது யாருன்னு தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காகச் சொன்ன பொய் அது. இன்னொரு முறை சொல்ல என்னால் முடியாது. அதனால் கொஞ்ச காலம் இந்தப் பக்கம் வராதே.

போன் நம்பரை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. ஜேக்கப் இன்னும் காலையில் கூப்பிடுகிறார். யார் என்று தெரிந்தேதான் எடுக்கிறேன். பணத்தைப் பற்றி அவர் இப்போது பேசுவதே இல்லை. மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். இந்த வீட்டில் என்னிடம் வாய் திறந்து பேசுகிறவர் வேறு யாரும் இல்லை.

சுபஸ்ரீ எந்த ஸ்கூலில் படிக்கிறாள் என்று நேற்றுக் கேட்டார்.

சொன்னேன்.

சின்னையன்