அப்பாவுக்கு மைனஸ் ஒன்று

வானவடி, புனே
14 செப்டம்பர் 2009

சௌபாக்கியவதி வைஜயந்திக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய கௌரவத்துக்கு மட்டும் மூன்று நாளாக உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளை மாதவும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்த வாலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை, நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் சாம்பார் பொடி பார்சலோடு இந்தக் கடிதம். புனேயில் பிறந்து மராத்தியில் சண்டை போட்டு வளர்ந்தவள் நீ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். ஆனாலும் மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, இதில் நம் வீட்டு மானம் கொஞ்சம் போகிறது.

விஷயம் டிக்கெட்டுதான். டிசம்பரில் உன் பிரசவத்துக்கு நாங்கள் வந்து சேர வேண்டும், விசாவும் வந்தாயிற்று. எதிர் ஃப்ளாட் பாமா, கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறாளே, அவள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பேருக்கும் போக வர எண்பத்து நாலாயிரம், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், அதுவும் கிரெடிட் கார்டு இருந்தால்தான் என்றாள். கேம்ப் கடைத்தெருவில் ரொக்கம் வாங்கும் ஏஜென்ட் அதற்கே ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டான், அந்த விலைக்குக் கையில் இருக்கிற பணத்தில் நான் ஒருத்திதான் வர முடியும். மாப்பிள்ளை தானே போட்டுவிடுகிறேன் என்று போனில் சொன்னார், பாவம், நல்ல பிள்ளை. உன் அப்பா விடுவாரா? "பொண்ணு பிரசவத்துக்கு மாப்பிள்ளை காசுல போறதா? முப்பத்தாறு வருஷம் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவன்டி நான், ஒருத்தன்கிட்ட ஒத்த ரூபா கடன் பட்டதில்லே" என்று ஆரம்பித்துவிட்டார். என்னிடமும் ஒரு கார்டு இருக்கிறது, உன் அப்பா தயவு இல்லாமலே காரியம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அவர் மார்ச் மாதம் கார்டு வாங்கிய வைபவம் உனக்குப் பாதிதான் தெரியும். பாங்கில் தீப்தி என்று ஒரு பெண், வாயெல்லாம் சிரிப்பு, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அங்கிளோட கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் நாணயத்துக்குப் போடும் மார்க், மைனஸ் ஒன் என்றாள். இருபத்தெட்டு வருஷம் வாத்தியாராக இருந்திருக்கிறேன், விடைத்தாளில் வெறும் பிள்ளையார் சுழி போட்டு வைத்தவனுக்குக்கூட நான் சைபருக்குக் கீழே போட்டதில்லை! கெட்ட பெயர் இல்லை அங்கிள், நீங்கள் யாரிடமும் கடனே வாங்கவில்லை, அதனால் உங்களைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். "கடன் வாங்காதவனுக்கு மைனஸ், வாங்கினவனுக்குப் ப்ளஸ்ஸா? கலி முத்திடுத்து" என்று அங்கேயே கத்தினார். கடைசியில் பென்ஷனைப் பார்த்துப் பதினைந்தாயிரம் லிமிட் கொடுத்தார்கள். பென்ஷனை விடக் கம்மி என்று அதற்கும் இரண்டு நாள் முறைப்பு. அப்புறம் அவர் அந்தக் கார்டை நடத்திய அழகு இருக்கிறதே, மருந்துக்கடையில் இருநூற்று நாற்பது ரூபாய்க்குத் தேய்ப்பார், மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய் க்யூவில் நின்று அந்த இருநூற்று நாற்பதைக் கட்டிவிட்டு வருவார். பில் என்று ஒன்று வீட்டுக்கு வந்தால் அவமானமாம். ஆகஸ்ட் வரைக்கும் வந்த பில்லெல்லாம் சைபர். போன வாரம் டிக்கெட்டுக்காக லிமிட்டைக் கூட்டச் சொல்லிப் போனார், தீப்தி உதட்டைப் பிதுக்கிவிட்டாள். நீங்கள் கடன் பட்டு, பில் வந்து, அதைச் சொன்ன தேதியில் கட்டினால்தானே அங்கிள் பாங்குக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும் என்றாளாம்.

சரி என்று வந்தாரா, இல்லை. அவருக்கு ஒரு யோசனை. கார்டில் பதினைந்தாயிரம்தானே இருக்கிறது, மீதியை நாமே முன்பணமாக அதில் போட்டுவிட்டால்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திங்கட்கிழமை எழுபதாயிரத்துக்குச் செக் எழுதி அந்தக் கார்டிலேயே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நம்பரைப் போட்டால், கார்டு பூட்டிக் கிடக்கிறது! மாதம் இருநூறு ரூபாய் தேய்க்கிறவன் திடீரென்று எழுபதாயிரம் போட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா. போனில் பாங்க்காரன் ஒருத்தன், சார், இத்னா அட்வான்ஸ் க்யூன் பரா, இவ்வளவு பணத்தை ஏன் முன்னாலேயே கட்டினீர்கள் என்று இந்தியில் கேட்கிறான், இவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "வாங்கறதுக்கு முன்னாடியே குடுத்தேன்யா, அது ஒரு குத்தமா?" என்று தமிழில் கத்துகிறார். பணத்தைத் திருப்பித் தர ஒரு வாரமாம். மணி ஐந்து. ஏழு மணிக்கு அந்த விலை போய்விடும் என்று பாமா கையைப் பிசைகிறாள். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "நீ மட்டும் போய்ட்டு வா விசாலம், நான் குழந்தையைப் போட்டோவுல பாத்துக்கறேன்" என்றார். அப்படிச் சொன்ன குரல் எனக்குத் தாங்கவில்லை வைஜூ. அதுவரைக்கும் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரே சமையலறைக்குப் போய்த் துவரம்பருப்பு டப்பாவுக்குள் கையை விட்டு என் கார்டை எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் சம்பளக் கணக்கோடு கொடுத்தது, 2002-இல் பத்தாயிரத்தில் தொடங்கினார்கள், நான் கேட்காமலே இருபத்தைந்து, அறுபது என்று ஏற்றி இப்போது ஒன்றேகால் லட்சம். பில் பாமா வீட்டு விலாசத்துக்கு வரும், சொன்ன தேதிக்குக் கட்டிவிடுவேன். யாருது இது என்றார். என்னுது என்றேன். கார்டில் ஒட்டியிருந்த பருப்புத் தூளை ஊதிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கோர் என்ன என்றார். தீப்தியிடம் ரகசியமாகக் கேட்டு வைத்திருந்தேன், எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்று என்றேன். மெதுவாக, "அப்போ ஃப்ரிட்ஜ்?" என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரொக்கத்தில் வாங்கினது என்று தட்டிக் காட்டுவாரே, அந்த ஃப்ரிட்ஜ் என் கார்டில் பன்னிரண்டு தவணையில் வாங்கினது. அவர் கொடுத்த ரொக்கத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டேன். மேல்படிப்புக்கு நீ ஜி.ஆர்.ஈ. பரீட்சை எழுதக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? ஆறரைக்கு டிக்கெட் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. புது ஊரில் ஐந்நூறு டாலர்தான் லிமிட் கொடுத்தார்கள், கடன் கணக்குப் பார்க்கிற மூன்று ஆபீஸ் மூன்று ஸ்கோர் போடுகிறது, ஒன்றில் அறுநூற்றுப் பத்து, ஒன்றில் அறுநூற்று எழுபது, எது நான் அம்மா என்று போனில் அழுதாயே, அசடு. ஒரே கட்டுரையை மூன்று வாத்தியார் திருத்தினால் மூன்று மார்க்தான் வரும். அதிலும் ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒவ்வொரு பாங்க் சொன்ன கதைதான் போகும் என்கிறாள் தீப்தி. கார்டை விளிம்பு வரைக்கும் நிரப்பாதே, தேதி தவறாதே, அப்பா மாதிரி மறுநாளே ஓடாதே, ஒரு வருஷம் போகட்டும், தானாக ஏறும். அவர்கள் எண்ணைக் குறைத்துப் போட்டால் நீ குறைந்துவிட மாட்டாய்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். தாயும் சேயுமாக நன்றாகப் பிழைத்துக் கிட, வேறென்ன வேண்டும் எனக்கு. குளிருக்கு அப்பாவுக்கு ஒரு கோட்டு வாங்கி வை, விலைச் சீட்டைக் கிழித்துவிடு.

உன் அம்மா,
விசாலாக்ஷி (791)

வைஜயந்தி, கவரை ஒட்டாமல் வைத்தது உன் அம்மாவின் தப்பு, அதனால் படித்தேன். ஃப்ரிட்ஜ் விஷயம் வெளியே போகக் கூடாது. சனிக்கிழமை காலையே எண்பத்து நாலாயிரத்தையும் கட்டிவிடலாம் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன், பில் வந்து அக்டோபர் பதினெட்டு வரைக்கும் கட்டக் கூடாது என்று உன் அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். என் ஆயுசில் முதல் தடவையாகக் கடனோடு படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.
அப்பா.