திக்கி என்னும் கட்டளை

ஜூலை 7, செவ்வாய். வெயில். புழுக்கம்.

உலகத்தோருக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு இன்று மாலை மீண்டும் கண் திறந்தது. நாடு நிம்மதிப் பெருமூச்சு விடலாம்.

நான் விடவில்லை. கூடப் படிக்கும் பிரபு வந்திருந்தான். வரும் திங்கட்கிழமை ஸ்கூல் லேபில் ஒரு மென்பொருளை அவன்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை இன்றைய எழுத்துக்கு மாற்றும் இலவசச் சரக்கு. என்னைவிட வயதில் மூத்தது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஒன்பதாவது படிக்கும்போது நானும் ஒரு கட்டளை எழுதி அனுப்பினேன். ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்திருந்தால் ஒன்றை நீக்கும். பெயர்: திக்கி. பிரபுவுக்கு நான் வைத்த பட்டம். அவனுக்குப் பேச்சு திக்கும். அன்றைக்கு அவனும் சிரித்தான். சிரித்தான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தப் பேரை மாத்துடா. சார் முன்னாடி நானே தி... திக்கிக்கிட்டு அதைச் சொல்லணுமா?"

"அஞ்சு நிமிஷ வேலை மாப்ள. நான் வச்ச பேரு, நானே எடுக்குறேன்."

ஜூலை 8, புதன்.

எடுத்தாயிற்று. புதுப் பெயர் 'இரட்டைநீக்கி'. பழையது சுத்தமாகத் துடைப்பு. மென்பொருளைப் பராமரிக்கும் சிவா அண்ணன் (ஓசூர், நேரில் பார்த்ததில்லை, இனி சி.அ.) ஆபீஸ் அவசரத்தில் சரி என்று சேர்த்துவிட்டார். அஞ்சு நிமிஷம் என்றேன். நாலுதான்.

ஜூலை 9, வியாழன். காலையிலேயே கொதிக்கிறது.

தல்லாகுளத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை முருகேசன் அண்ணன் போன். தினமும் மென்பொருளின் புதுப் பதிப்பு தானாக இறங்கும்படி அங்கே அமைத்துக் கொடுத்த மேதை அடியேன்தான்.

"தம்பி, கல்யாணப் பத்திரிகை அம்புட்டும் நிக்குதுடா! திக்கியக் காணோம்னு சொல்லுது மிஷினு. கொட்டாம்பட்டிப் பொண்ணு வீட்டுக்காரங்க இங்கனயே உக்காந்திருக்காங்க!"

அப்புறம் எங்கெங்கிருந்தோ புகார். ஒரு நூலகம், ஒரு பதிப்பகம், இலங்கையிலிருந்து ஒரு வாத்தியார். யாருக்கும் பிரபுவைத் தெரியாது. எல்லாருக்கும் திக்கியைத் தெரியும்.

சி.அ. பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார். "வைக்கிற வரைக்கும்தான் தம்பி பேரு உன்னுது. கூப்பிட ஆரம்பிச்சுட்டா கூப்பிடுறவங்களுது."

பிரபுவிடம் சொன்னேன். "ஓ" என்றான். அது திக்கவில்லை.

ஜூலை 11, சனி. மேகம் மட்டும். மழை ஏமாற்று.

சி.அ.வுடன் மல்லுக்கட்டி வென்றேன். இனி இரண்டு பெயரும் வேலை செய்யும். பழையதைக் கூப்பிட்டால் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். நாளாவட்டத்தில் ஆட்கள் மாறிக்கொள்வார்கள். எச்சரிக்கை வாசகம் என் கைவண்ணம். வாழ்க நான்.

திங்கட்கிழமை ஓட்ட வேண்டிய கட்டளைகள் அடங்கிய ஃபைலையும் நானே எழுதி பிரபுவுக்கு அனுப்பினேன்.

"அந்தப் பேரு செத்துச்சு மாப்ள. தெம்பா போ."

வாங்க: பென்டிரைவ், அப்பாவுக்கு பிளேடு, பரோட்டா (எனக்கு, வெற்றிக்கு).

ஜூலை 13, திங்கள்.

வெயிலா மழையா, கவனிக்கவில்லை.

பிரபு எழுந்து பேசினான். 'இரட்டைநீக்கி'. அம்புட்டு நீளப் பெயரை ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னான். வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். சார் தலையாட்டினார். ஃபைலை ஓட்டினான். சுவர் முழுக்கத் திரை.

எச்சரிக்கை: 'திக்கி' என்னும் பெயர் கைவிடப்பட்டது.
எச்சரிக்கை: 'திக்கி' என்னும் பெயர் கைவிடப்பட்டது.
எச்சரிக்கை: 'திக்கி'

வரிக்கு வரி. இத்தனை வருடம் சத்தமில்லாமல் உள்ளே கிடந்த பெயர். நான் போட்ட எச்சரிக்கையால்தான் வெளியே வந்து கூவுகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து எவனோ: "டேய் திக்கி, உன்னையக் கைவிட்டுட்டாய்ங்கடா!"

லேபே சிரித்தது. பிரபு கம்ப்யூட்டரை அணைத்தான். போகிற போக்கில் என்னிடம், "ஃ... ஃபைலு நீ எழுதுனதுதானே?"

ஆமாம். ஊருக்கே பெயர் மாற்றியவன், அவனுக்குக் கொடுத்த ஃபைலில் கைப்பழக்கத்தில் திக்கி என்றே அடித்திருக்கிறேன். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. பரோட்டா தின்னப் போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். 'பிரபு' என்று தேடினேன். அப்படி யாரும் இல்லை என்றது.

பழைய பெயரை அடித்தேன். உடனே வந்துவிட்டான்.